ரிவால்வர் ஸ்பிரிங் மாற்றலாமா? – கேள்வி பதில்

டெக்சாஸில் 18 வருடமாக ரிவால்வர் வைத்துச் சுடுகிறேன். மாதம் ஒரு போட்டியாவது போய்விடுவேன். என் துப்பாக்கிகளுக்கு நானேதான் ஸ்பிரிங் மாற்றிக்கொள்கிறேன், நண்பர்கள் சிலருக்கும் கூட உட்கார்ந்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தொழில்முறை கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. கீழே உள்ள எதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும், முதலில் சிலிண்டரை (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) திறந்து அதன் எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி நீங்கள் வேலை செய்யும் வீட்டு அறைக்குள்ளேயே இருக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, போன மாதம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 வாங்கினேன். டபுள் ஆக்‌ஷனில் இழுத்தால் விரல் வலிக்கிறது. அளந்து பார்த்தால் 12 பவுண்டு காட்டுகிறது. ஸ்பிரிங் கிட் ஆர்டர் போட்டுவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. டபுள் ஆக்‌ஷன் என்றால் ட்ரிகரை ஒரே இழுப்பாக இழுத்தே ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலை) பின்னால் தள்ளி விடுவிப்பது. புது ரிவால்வரில் டபுள் ஆக்‌ஷன் 10 முதல் 12 பவுண்டு இருப்பது சாதாரணம். உங்கள் விரலை வலிக்கவைப்பது எடை மட்டும் இல்லை, உரசலும்தான். இரும்பு இரும்பின் மேல் சொரசொரவென்று நகர்ந்தால் 9 பவுண்டுகூடக் கனமாகத் தெரியும். வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் 11 பவுண்டைக்கூட விரல் சட்டை செய்யாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் பழைய 686 ஒன்றைக் கொண்டுவந்தார். "ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு, ஸ்பிரிங் மாத்திக் கொடு" என்றார். உள்பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறந்தேன். ட்ரிகருக்குப் பின்னால் நகரும் ரீபவுண்ட் ஸ்லைடு ஓடுகிற தடம் முழுக்க எண்ணெய் காய்ந்து, தேன் கட்டினது போலப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் தொட்டால் இழுபட்டது. கரைப்பான் ஊற்றிக் கழுவி, துடைத்து, தேய்மானம் தெரிந்த இடங்களில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மூடினேன். அளவுகோலில் முக்கால் பவுண்டு குறைந்திருந்தது. கையில் இரண்டு பவுண்டு குறைந்தது போல இருந்தது. அன்றைக்கு ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை.

அதனால் முதலில் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் அறைகளில் ஸ்னாப் கேப் (பயிற்சிக்கான போலித் தோட்டா) போட்டு தினமும் ஐம்பது முறை வெறும் இழுப்பு. ஒரு மாதத்தில் பாகங்களும் ஒன்றோடொன்று பழகிவிடும், உங்கள் விரலும் பழகிவிடும். அதற்கு மேலும் கனமாகத் தெரிந்தால் ஸ்பிரிங் பற்றிப் பேசலாம்.

கேள்வி: உள்ளே மொத்தம் எத்தனை ஸ்பிரிங்? எதை மாற்றினால் என்ன ஆகும்?

ட்ரிகர் உணர்வைத் தீர்மானிப்பவை இரண்டு. ஸ்மித்தை வைத்தே சொல்கிறேன்.

ஒன்று மெயின் ஸ்பிரிங். ஹேமரை முன்னால் அடிக்கவைப்பது இதுதான். கே, எல், என் பிரேம்களில் (ஸ்மித் துப்பாக்கிச் சட்டத்தின் அளவுப் பெயர்கள்) பிடிக்குள் நிற்கும் பட்டை ஸ்பிரிங். சின்ன ஜே பிரேமில் சுருள் ஸ்பிரிங். இரண்டாவது ரீபவுண்ட் ஸ்பிரிங். ட்ரிகருக்குப் பின்னால் ரீபவுண்ட் ஸ்லைடு என்ற சின்ன இரும்புக் கட்டைக்குள் படுத்திருக்கும். நீங்கள் விரலை விட்டதும் ட்ரிகரை முன்னால் தள்ளுவது இது.

நீங்கள் ட்ரிகரை இழுக்கும்போது இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே சமயத்தில் எதிர்த்து இழுக்கிறீர்கள். எதைக் குறைத்தாலும் எடை குறையும். பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: "மெயின் ஸ்பிரிங்கில் கைவைத்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம், அதனால் ரீபவுண்டை மட்டும் குறைப்போம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ரீபவுண்ட் ஸ்லைடுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சுட்டு முடிந்ததும் ஹேமரின் அடிப்பகுதியில் முட்டி, ஹேமரைப் பின்னால் தள்ளி, அது பிரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டு வெடிக்கும் பகுதி) பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். மெயின் ஸ்பிரிங் ஹேமரை முன்னால் தள்ளுகிறது, ரீபவுண்ட் ஸ்பிரிங் பின்னால் தள்ளுகிறது. தராசின் இரண்டு தட்டு மாதிரி. மெயின் ஸ்பிரிங் முழு பலத்தில் இருக்க, ரீபவுண்டை மட்டும் ரொம்ப மெலிதாக்கினால் அந்தச் சண்டையில் ரீபவுண்ட் தோற்கும். ட்ரிகர் திரும்பி வருவது சோம்பலாகிவிடும். ஆகவே இரண்டையும் ஜோடியாகவே பாருங்கள். மெயினைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் ரீபவுண்டை அதிகம் தளர்த்த இடம் கிடைக்கும்.

கேள்வி: ரீபவுண்ட் ஸ்பிரிங் பாக்கெட்டில் 14 பவுண்டு என்று போட்டிருக்கிறது. என் ட்ரிகரே 12 பவுண்டுதானே, கூடிவிடாதா?

கூடிவிடாது. அது அந்த ஸ்பிரிங்கின் சொந்த பலம், ட்ரிகர் இழுக்கும் எடை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் கே, எல், என் பிரேம் ரீபவுண்ட் ஸ்பிரிங் சுமார் 18 பவுண்டு. அதோடு ஒப்பிட்டால் 14 மெலிது.

கேள்வி: சார், இலகு மெயின் ஸ்பிரிங் போட்டேன். இழுக்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டிக்கு நாலைந்து தோட்டா "டிக்" என்று நின்றுவிடுகிறது. அதே தோட்டாவை இரண்டாம் முறை அடித்தால் வெடிக்கிறது. ஸ்பிரிங்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் உடனே ஸ்பிரிங் மேல் பழி போடாதீர்கள். வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். (ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், "டிக்" என்றால் உடனே சிலிண்டரைத் திறக்க வேண்டாம். குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.)

பிரைமர் என்பது ஒரு குட்டிக் கிண்ணம். உள்ளே வெடிமருந்துப் பசை, அதற்கு அடியில் அன்வில் என்கிற சின்னத் தாங்கி. ஹேமரின் அடியால் முன்னால் போகும் ஃபயரிங் பின் என்ற ஊசி கிண்ணத்தைக் குழித்து, பசையை அன்வில் மேல் வைத்து நசுக்க வேண்டும். வெடித்த தோட்டாவில் குழி ஆழமாக, அடி உருண்டையாக இருக்கும். வெடிக்காததில் குழி மேலோட்டமாக, விரல் நகத்தால் அழுத்தின சோப்பு மாதிரி இருந்தால் அடி போதவில்லை. குழி ஆழமாகவே இருந்தும் வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் தோட்டாவின் மேல் திரும்ப வேண்டும்.

இரண்டாம் அடியில் வெடிப்பதற்கு முக்கியமான ஒரு காரணம் உண்டு. தோட்டாவை நீங்களே ரீலோட் (சுட்ட காலிக் கூட்டை மறுபடி நிரப்புவது) செய்கிறீர்களா? அப்படியென்றால் பிரைமர் முழுசாக உள்ளே உட்காரவில்லையா என்று பாருங்கள். முதல் அடியின் பலம் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாம் அடியில்தான் அது வெடிக்கும். விரலால் தடவினால் பிரைமர் கேஸின் (தோட்டாவின் உலோகக் கூட்டின்) அடிப்பரப்பைவிட ஒரு இழை தாழ்ந்திருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

அடுத்து பிரைமரின் பிராண்ட். எல்லாக் கிண்ணமும் ஒரே கடினம் இல்லை. ஃபெடரல்தான் மிருது என்று ரிவால்வர் போட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சிசிஐ கடினமான பக்கம். வின்செஸ்டரும் ரெமிங்டனும் நடுவில். ஃபெடரலில் நூற்றுக்கு நூறு வெடிக்கும் ஸ்பிரிங், சிசிஐயில் பத்துக்கு ஒன்று தவறலாம். ஸ்பிரிங் அதேதான். அதனால்தான் மிக மெலிதாக வைத்துச் சுடும் போட்டிக்காரர்கள் ஃபெடரல் பிரைமர் தவிர வேறொன்றைத் தொடுவதில்லை.

இன்னும் மூன்று இடம் பாருங்கள். பிடியின் முன்பக்கம் கீழே இருக்கும் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா? சிலிண்டரைப் பூட்டி முன்னும் பின்னும் ஆட்டினால் அதிகமாக நகர்கிறதா? நகர்ந்தால் அடியின் ஒரு பகுதி தோட்டாவை முன்னால் தள்ளுவதில் போய்விடும். ஃபயரிங் பின் ஓட்டைக்குள் கரியும் எண்ணெயும் கட்டியிருக்கிறதா? குளிர்காலத்தில் கெட்டி எண்ணெய் ஹேமரையும் பின்னையும் மெதுவாக்கும். டிசம்பர் காலை ரேஞ்சில் மட்டும் தவறுகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இது எல்லாம் சரியாக இருந்தும் தவறினால், ஒரு படி கனமான மெயின் ஸ்பிரிங்குக்குத் திரும்பிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: ஸ்பிரிங் வாங்காமல் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினாலே ட்ரிகர் இலகுவாகிறதே? காசும் மிச்சம்.

வேண்டாம். அந்த ஸ்க்ரூ பட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பதற்கு. முழுசாக இறுக்கித்தான் வைக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வரும். இன்று வெடித்தது நாளை வெடிக்காது, ஏன் என்றும் புரியாது. மெலிது வேண்டுமென்றால் அதற்கென்று செய்த இலகு ஸ்பிரிங்கைப் போட்டு ஸ்க்ரூவை முழுசாக இறுக்குங்கள். உல்ஃப் கம்பெனி ஸ்பிரிங்குகளைத்தான் நான் பயன்படுத்துகிறேன். விலை ஒரு பெட்டி தோட்டாவைவிடக் குறைவு.

சுருள் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிப்போடுவது, பட்டையை வைஸில் வைத்து வளைப்பது, இதெல்லாமும் வேண்டாம்.

கேள்வி: நான் போட்டியில் சுடுகிறேன். ரீபவுண்ட் ஸ்பிரிங் மிக மெலிதாகப் போட்ட பிறகு வேகமாகச் சுடும்போது ட்ரிகர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மெதுவாகச் சுட்டால் பிரச்சினை இல்லை.

மாட்டவில்லை. ட்ரிகர் முழுசாகத் திரும்பி வருவதற்குள் நீங்கள் அடுத்த இழுப்பைத் தொடங்கிவிடுகிறீர்கள். எனக்கும் இதே நடந்தது. ஒரு போட்டியில் இலக்குத் தட்டு வரிசையில் நாலாவது தட்டில் ட்ரிகர் கட்டை மாதிரி நின்றது. விரலை முழுசாக எடுத்து மறுபடி வைத்ததும் சரியானது. அந்த ஒரு தடுமாற்றத்தில் இரண்டு வினாடி போச்சு. அன்று இரவே ரீபவுண்டை 15 பவுண்டுக்கு மாற்றிவிட்டேன், இன்றுவரை அதுதான்.

1999இல் அமெரிக்க ரிவால்வர் வீரர் ஜெர்ரி மிக்குலெக் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு 2.99 வினாடியில் முடித்தார். 1932இல் இன்னொரு ரிவால்வர் வீரர் எட் மெக்கிவர்ன் ஐந்து குண்டை 0.45 வினாடியில் ஒரு அரை டாலர் நாணயம் மறைக்கும் அளவுக்குள் போட்டார். அந்த வேகத்தில் இழுப்பு பாதி வேலை, ட்ரிகர் திரும்பி வருவது மீதிப் பாதி. இழுக்கும்போது தெரியும் சுகத்தை மட்டும் பார்த்து ரீபவுண்டைக் குறைக்காதீர்கள். விரலைத் தள்ளிக்கொண்டு ட்ரிகர் முன்னால் வர வேண்டும். உங்கள் விரல் முன்னால் போய், ட்ரிகர் பின்னாலேயே வருகிறது என்றால் ஸ்பிரிங் பலம் போதவில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலித் துப்பாக்கியில் ட்ரிகரை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, விரலை நத்தை வேகத்தில் முன்னால் விடுங்கள். எந்த இடத்திலும் தயங்காமல், கடைசிவரை தானாகவே வந்து "க்ளிக்" என்று உட்கார வேண்டும். குழலை மேலே தூக்கி ஒருமுறை, கீழே சாய்த்து ஒருமுறை.

கேள்வி: மாற்றிய பிறகு "நம்பலாம்" என்று எப்போது முடிவு செய்கிறீர்கள்?

நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் தோட்டாவை வைத்து, டபுள் ஆக்‌ஷனில் மட்டும் சுட்டுப் பாருங்கள். சிங்கிள் ஆக்‌ஷனில் (ஹேமரைக் கட்டைவிரலால் பின்னால் நிறுத்திவிட்டுச் சுடுவது) சோதித்துவிட்டு "எல்லாம் வெடிக்குது" என்று சொல்பவர்கள் ஏராளம். டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் அவ்வளவு பின்னால் போவதில்லை, கொஞ்சம் முன்னாலேயே விடுபட்டு விழுகிறது. அடியின் பலம் குறைவு. அதனால் தவறுவதாக இருந்தால் டபுள் ஆக்‌ஷனில்தான் முதலில் தவறும்.

போட்டித் துப்பாக்கிக்கு என் கணக்கு 200 தோட்டா, ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஒரே நாளில் வேண்டாம். ஒரு நாள் சுத்தமாக இருக்கும்போது, இன்னொரு நாள் நூறு சுட்டு அழுக்கான பிறகு. மொத்தத்தில் ஒன்று தவறினாலும், அது பிரைமர் உட்காரும் கோளாறு இல்லையென்றால், ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றிவிட்டு எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவேன். தோட்டா பிராண்ட் மாறினாலும் அப்படித்தான்.

இன்னொரு சோதனையும் கட்டாயம். காலித் துப்பாக்கியில் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கமாக அழுத்துங்கள். விழவே கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள், நேராக கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: என்னிடம் ரூகர் ஜிபி100. இதற்கும் இதே கதையா?

அடிப்படை அதேதான், வேலை இன்னும் சுலபம். பக்கத் தகடே கிடையாது. பிடியைக் கழற்றி, ஹேமரைப் பின்னால் நிறுத்தி, ஸ்பிரிங் கோத்திருக்கும் ஸ்ட்ரட் என்ற கம்பியில் உள்ள ஓட்டையில் ஒரு சின்ன ஊசியைச் செருகினால் மெயின் ஸ்பிரிங் கூட்டாகவே வெளியே வந்துவிடும். அந்த ஊசியை ரூகரே பிடிக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.

தொழிற்சாலை மெயின் ஸ்பிரிங் 14 பவுண்டு. உல்ஃப் 12, 10, 9 என்று தருகிறார்கள். என் நண்பர்களின் ஜிபி100களில் 12 எல்லாத் தோட்டாவையும் வெடித்தது. 10 பெரும்பாலும் வெடித்தது. 9 ஃபெடரல் பிரைமருக்கு மட்டும். 12இல் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ரூகரில் ட்ரிகரைத் திரும்ப முன்னால் தள்ளும் ட்ரிகர் ஸ்பிரிங்கை ஒரு படி குறைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது, விரலில் மூட்டு வாதம். வீட்டுப் பாதுகாப்புக்கு ஜே பிரேம் வைத்திருக்கிறார். ஒரு இழுப்பு இழுப்பதற்குள் கை நடுங்குகிறது. ஸ்பிரிங்கை நன்றாகக் குறைத்துக் கொடுத்துவிடலாமா?

அவருக்கு உதவ நினைப்பது நல்ல மனசு. ஆனால் ஜே பிரேமில் குறைக்க இடம் மிகக் கம்மி. ஹேமர் சின்னது, அது நகரும் தூரமும் சின்னது, அதனால் அதன் அடிக்கு ஸ்பிரிங்கின் பலம்தான் ஆதாரம். அதைக் குறைத்தால் இழுப்பு இலகுவாகும், வெடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். ஆபத்து வரும் அந்த ஒரு இரவில் "டிக்" என்ற சத்தம் கேட்கக் கூடாது.

துப்பாக்கியையே மாற்றிப் பாருங்கள். கே பிரேம் ஸ்மித் ஒன்றில், பெரிய ரப்பர் பிடி போட்டு, மாமனாரின் விரல் ட்ரிகரில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். முதல் கணுவுக்கு அருகே விழுந்தால் பலம் தானாகக் கூடும். விரல் நுனியால் மட்டும் இழுக்க வேண்டியிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. சின்னதாகத்தான் வேண்டுமென்றால் 2009இல் வந்த ரூகர் எல்சிஆரை ஒருமுறை இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கேம் என்ற வளைவான பாகத்தின் அமைப்பால் இழுப்பு சீராக வரும், ஸ்பிரிங்கில் கைவைக்கத் தேவையே வராது. தோட்டா .38 ஸ்பெஷலில் மென்மையானதாக எடுங்கள். .357 மேக்னம் அவர் கைக்கு வேண்டாம்.

கேள்வி: .22 ரிவால்வரில் டபுள் ஆக்‌ஷன் ஏன் இவ்வளவு கனம்? குறைக்கலாமா?

.22இல் பிரைமர் தனியாகக் கிடையாது, மருந்து கேஸின் விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்க நல்ல அடி வேண்டும். அதனால்தான் கனமான ஸ்பிரிங். மெயினைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்மித்தின் பக்கத் தகட்டை முதல்முறையாகத் திறக்கப் போகிறேன். எதில் கவனம்?

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். ரீபவுண்ட் ஸ்பிரிங் விடுபட்டால் கண்ணுக்கு நேராகப் பாயும். வேலையை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்தால் ஸ்பிரிங் பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். என் முதல் ஸ்பிரிங் அலமாரிக்குப் பின்னால் போய், மூன்று நாள் தேடிக் கிடைத்தது.

ஸ்க்ரூவின் வெட்டில் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். வீட்டில் கிடக்கும் ஆப்பு மாதிரி முனை நழுவி ஸ்க்ரூவைக் கெடுத்துவிடும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் படம் போட்டு அதிலேயே குத்திவையுங்கள். முன்னால் இருக்கும் ஸ்க்ரூ சிலிண்டர் தாங்கியைப் பிடிப்பது, மற்றதோடு மாற்றிப் போடக் கூடாது.

தகட்டை நெம்பி எடுக்காதீர்கள். அதன் விளிம்பு ஒருமுறை வளைந்தால் மறுபடி அந்தச் சேர்க்கை வராது. துப்பாக்கியைக் கையில் பிடித்து, பிடிச் சட்டத்தின் பக்கத்தில் மரப் பிடியால் டக் டக் என்று தட்டுங்கள். அதிர்விலேயே தகடு மேலெழும்பி வரும். திரும்ப மூடும்போது ஹேமர் பிளாக் என்ற மெல்லிய நீளப் பாகம் தன் இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். துப்பாக்கி கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் காப்பது அதுதான். "மேசையில் ஒரு பாகம் மிச்சம் இருக்கு, ஆனா வேலை செய்யுது" என்றால் பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: கோல்ட் கம்பெனியின் பழைய பைத்தான் ரிவால்வருக்கும் இதே முறையா?

அதில் ஹேமரையும் ட்ரிகர் திரும்புவதையும் ஒரே வி வடிவ ஸ்பிரிங்தான் பார்த்துக்கொள்கிறது. ஒன்றை வளைத்தால் இரண்டும் மாறும். பழைய கோல்ட் தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுங்கள். 2020இல் வந்த புது பைத்தானின் உள்ளமைப்பு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் கோயம்புத்தூர் பக்கம். லைசென்ஸோடு கான்பூர் .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். ட்ரிகர் கனமாக இருக்கிறது. நீங்கள் சொன்னதை நானே செய்யலாமா?

செய்யாதீர்கள் ஐயா. இங்கே அமெரிக்காவில் சொந்தத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் மாற்றுவது வீட்டு மேசையில் நடக்கும் வேலை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தில் பழுதுபார்ப்பதற்கே தனி லைசென்ஸ் உண்டு. வைத்திருக்கும் லைசென்ஸும் பழுதுபார்க்கும் லைசென்ஸும் ஒன்றில்லை. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான் உங்கள் எதிரியாக இருக்கும்.

கேள்வி: ஒரே ரிவால்வர்தான், வீட்டுக்கும் போட்டிக்கும். என்ன போடுவீர்கள்?

மெயின் ஸ்பிரிங் ஒரிஜினல், முழு பலத்தில். ரீபவுண்ட் 16. உள்ளே நல்ல சுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். என் வீட்டுத் துப்பாக்கி இப்படித்தான் இருக்கிறது, இழுப்பு பத்தரை பவுண்டு. போட்டித் துப்பாக்கியில் இலகு மெயினும் 15 ரீபவுண்டும், இழுப்பு ஒன்பது. அதற்குப் போடுவது ஃபெடரல் பிரைமர் தோட்டா மட்டும்தான். அதை வீட்டுப் பாதுகாப்புக்கு எடுப்பதில்லை.

கேள்வி: கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கை என்ன செய்வது?

சின்ன ஜிப் பையில் போட்டு, மேலே எந்தத் துப்பாக்கி, என்ன தேதி, அதுவரை எத்தனை தோட்டா சுட்டது என்று எழுதி, அந்தத் துப்பாக்கியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். விற்கும் நாள் வந்தால் ஒரிஜினலைத் திரும்பப் போட்டு, சுட்டுப் பார்த்து, அப்புறம் கொடுங்கள். வாங்குகிறவர் என்ன தோட்டா போடுவார் என்று உங்களுக்குத் தெரியாது.